மென்நிலம் எவ்வளவு அமிழும்?

நிரப்பிய வயற்காணியில் வீடு கட்டியவர்கள் சில ஆண்டுகளில் சுவரில் சரிவான வெடிப்புகளைக் காண்பதுண்டு. கல்லும் சீமெந்தும் தரமாக இருந்தாலும் இது நேரலாம். நிலம் எங்கும் ஒரே அளவாக அமிழ்ந்தால் கட்டடத்திற்குச் சேதம் குறைவு. ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் அமிழும்போதே சுவர் வெடிக்கிறது.

நிலம் ஏன் அமிழ்கிறது?

மென்மையான களிமண்ணின் இடைவெளிகள் நீரால் நிறைந்திருக்கின்றன. மேலே பாரம் ஏறியதும் முதலில் அதை அந்த நீரே தாங்குகிறது. பின்னர் நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, மண் துணிக்கைகள் நெருங்கி நிலம் தாழ்கிறது. நனைந்த பஞ்சை அழுத்தினால் நீர் உடனே வெளியேறும். களிமண்ணின் துளைகளோ மிக நுண்ணியவை. ஆகவே பல ஆண்டுகள் செல்லலாம். இதனைக் கணித வடிவில் விளக்கிய கார்ல் டெர்சாகியின் நூல் 1925இல் வெளிவந்தது.

நீர் செல்லவேண்டிய தூரம் பாதியானால், தேவைப்படும் காலம் நாலில் ஒன்றாகும். அதனால்தான் பொறியியலாளர்கள் களிமண்ணில் நெருக்கமாக நிலைக்குத்து வடிகால்களை இறக்கி, மேலே மண்ணைக் குவித்து முன்கூட்டியே பாரம் ஏற்றுகிறார்கள். கட்டடம் எழுந்தபின் அமிழவேண்டிய நிலம் அதற்கு முன்பே அமிழ்ந்துவிடுகிறது.

எப்போது மண்ணை அகற்றலாம்?

ஆய்வுகூடச் சோதனை மட்டும் இதற்குப் போதாது. பத்து மீற்றர் தள்ளினால் மண் மாறிவிடலாம். ஜப்பானியப் பொறியியலாளர் அக்கிரா அசவோக்கா 1978இல் எளிய வழியொன்றை வெளியிட்டார். நிலத்தையே அளந்து, அதன் விடையை அதனிடமே கேட்பதுதான் அந்த வழி.

ஓர் உதாரணம் பார்ப்போம். மண் நிரப்பி முடித்த நாளிலிருந்து மாதந்தோறும் அளந்த மொத்த அமிழ்வு 20, 32, 39.2, 43.5 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். மாதாந்த அதிகரிப்பு 20, 12, 7.2, 4.3. ஒவ்வொன்றும் முன்னையதின் 0.6 மடங்கு. இது நீங்கள் வகுப்பில் கற்கும் பெருக்கல் விருத்தியே!

வரைபுத்தாளில் கடந்த மாத அமிழ்வை கிடை அச்சிலும், இம்மாத அமிழ்வை நிலைக்குத்து அச்சிலும் குறியுங்கள். (0, 20), (20, 32), (32, 39.2), (39.2, 43.5) ஆகிய புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். அதை நீட்டினால் y = x என்ற கோட்டை 50இல் வெட்டும். அங்கே இம்மாத அமிழ்வும் கடந்த மாத அமிழ்வும் சமம். அதாவது அமிழ்வு நின்றுவிடும். எனவே இறுதி அமிழ்வு 50 சென்ரிமீற்றர். நான்கு மாதங்களில் அதில் 87 சதவீதம் முடிந்துவிட்டது.

எல்லைகள்

இக்கணிப்பு பாரம் மாறாதிருக்கும்போதே பொருந்தும். உக்கிய தாவரங்களாலான சதுப்பு மண், நீர் வெளியேறிய பின்னரும் நீண்டகாலம் மெதுவாகத் தாழும். முத்துராஜவெல சதுப்பு நிலத்தினூடாகச் செல்லும் கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையை அமைத்தவர்களும் இத்தகைய மண்ணையே எதிர்கொண்டனர். 1994இல் திறக்கப்பட்ட ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் கடலை நிரப்பி அமைத்த தீவில் நிற்கிறது. அங்கே மேற்படைக் களிமண்ணுக்கு மணல் வடிகால்கள் இடப்பட்டன. வடிகால் எட்டாத ஆழ்படைகள் இன்றும் அமிழ்கின்றன. அதனால் முனையக் கட்டடத்தின் தூண்களை யாக் கொண்டு உயர்த்திச் சமப்படுத்தும் ஏற்பாடு தொடக்கத்திலேயே செய்யப்பட்டது.

பெற்றோர்களே, நிரப்பிய காணியை வாங்குமுன் எப்போது நிரப்பினார்கள், அடியில் என்ன மண் இருக்கிறது என்று கேளுங்கள். மண் பரிசோதனையும் செய்வியுங்கள். மாணவிகளே, பெருக்கல் விருத்தி பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல. ஒரு வீட்டின் சுவரைக் காக்கவும் அது உதவும்.