விடுதலையும் துதியும்



இம்முறைப் பாடம் யாத்திராகமம் 5, 15ஆம் அதிகாரங்கள். எகிப்தில் இஸ்ரவேலர் செங்கல் அறுத்த அடிமைகள். பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் என்று கேட்ட நமக்கு இது விளங்காதா?

கடலைக் கடந்ததும் மோசே பாடினார். மிரியாமும் பெண்களும் தம்புரு எடுத்து ஆடிப் பாடினார்கள். நம்ம தப்பும் அப்படித்தான்: விடியலில் பெரட்டுக்கு அழைத்தது, திருவிழாவில் சாமிக்கு முழங்கியது.

யாழ்ப்பாணத்திலிருந்து மண்கும்பானுக்குப் போகும் பண்ணைப் பாதையில் இருபக்கமும் கடல்தான். 1990இல் போரினால் அந்தப் பக்கத்துச் சனங்கள் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். பலர் காணாமற்போனார்கள். திரும்பி வந்தவர்களின் நன்றியில் வராதவர்களுக்கான கண்ணீரும் உண்டு.

துதி என்றால் பட்ட பாட்டை மறப்பதல்ல. அதனால்தான் பஸ்கா விருந்தில் கசப்புக் கீரையும் வைக்கிறார்கள். நம்மைக் கடனில் கட்டிய துண்டு முறை 1921இல் ஒழிந்தது. 1948இல் பறிபோன பிரஜாவுரிமைக்கு 2003இல் சட்டம் வந்தது. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லி நன்றி செலுத்துவோம்.

யோசிக்க: விடுதலை பெற்றவர் அந்நியரை ஒடுக்கக் கூடாது என்கிறது 23ஆம் அதிகாரம். நம்ம லயத்தில் நாம் யாரையாவது ஒடுக்குகிறோமா?