இரத்தம் உறைதல்

காய்கறி நறுக்கும்போது விரலில் கீறல் படுகிறது, இரத்தம் கசிகிறது, சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. அக்குறுகிய நேரத்தில் உடல் பல செயல்களை வரிசையாக நிகழ்த்துகிறது.

முதலில், காயமுற்ற இரத்தக்குழல் சுருங்கி இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. அடுத்து, குழலின் சுவரில் வெளிப்பட்ட கொலாஜன் இழைகளில் இரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொண்டு தற்காலிக அடைப்பை உண்டாக்குகின்றன. அதே வேளையில், பிளாஸ்மாவிலுள்ள உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. கால்சியம் அயனிகளின் துணையுடன் புரோத்ராம்பின், த்ராம்பினாக மாறுகிறது. த்ராம்பின், கரைந்த நிலையிலுள்ள ஃபைப்ரினோஜனைக் கரையாத ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. இவ்விழைகள் பின்னும் வலையில் இரத்தச் செல்கள் சிக்கி, உறைகட்டி உருவாகிறது.

இத்தொடரில் ஒரு காரணி குறைந்தாலும் இரத்தப்போக்கு எளிதில் நிற்பதில்லை. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் மகன் அலெக்ஸிக்குச் சிறு அடிகூட உயிருக்கு ஆபத்தாயிற்று. 9ஆம் உறைதல் காரணியின் குறைபாடான ஹீமோஃபீலியா பி அவருக்கு இருந்ததை, எலும்பு எச்சங்களின் மரபணு ஆய்வு 2009இல் வெளிப்படுத்தியது.

தேவையற்ற இடத்தில் உறைதலும் தீங்கே. உறைகட்டி இதயத் தமனியை அடைத்தால் மாரடைப்பும், மூளைத் தமனியை அடைத்தால் பக்கவாதமும் ஏற்படும். இதனைத் தவிர்க்க, ஆன்டித்ராம்பின் என்னும் புரதம் உறைதல் எங்கும் பரவாமல் தடுக்கிறது. காயம் ஆறும்போது பிளாஸ்மின் என்னும் நொதி ஃபைப்ரின் வலையைச் சிதைத்துக் கட்டியைக் கரைக்கிறது.

காயத்தில் உறைவதும் குழலுக்குள் உறையாமல் ஓடுவதும் ஆகிய இவ்விரண்டின் சமநிலையே உயிரைக் காக்கிறது.