கூடி எழுதும் களஞ்சியம்

நுழையும்முன்

ஒருவரிடம் மட்டும் தங்கிய அறிவு அவரோடு மறையும்; எழுத்தில் பதிந்த அறிவு தலைமுறை கடந்தும் வாழும். நாள்தோறும் வளரும் அறிவியல் துறைகளைத் தாய்மொழியில் பதிவுசெய்யத் தனியொருவரின் உழைப்புப் போதாது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் குறித்த செய்திகளை இணையக் கலைக்களஞ்சியத்தில் சேர்க்கத் தன்னார்வலர் எவ்வாறு கூடிச் செயலாற்றலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் ஆண்டு, மூன்று நிகழ்வுகள்

1954ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தை உலகிற்கு அறிமுகம் செய்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவின் பொறுப்பில் வந்தது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் அதே ஆண்டில் வெளிவந்தது. பத்துத் தொகுதிகளும் நிறைவுபெற 1968 வரை ஆயிற்று.

அறிஞர் பலர் கூடி ஆற்றிய அப்பெரும்பணி தமிழுக்கு ஆக்கம் சேர்த்தது. ஆயினும், அச்சேறிய பக்கம் தன்னைத்தானே திருத்திக்கொள்வதில்லை. தொடக்கத்தில் தன்மேல் விழும் ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மட்டுமே மின்னாக்கிய சூரிய மின்கலம், இன்று 20 விழுக்காட்டைக் கடந்து நிற்கிறது. வளரும் துறைக்கு வளரும் களஞ்சியம் தேவையன்றோ?

இணையத்தில் தமிழ்

அத்தேவையை நிறைவுசெய்ய வந்ததே விக்கிப்பீடியா. 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கிய இக்கட்டற்ற கலைக்களஞ்சியம், 2003இல் தமிழிலும் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், வளைகுடா நாட்டில் பணியாற்றியபடியே இதன் தொடக்கக் காலத்தைத் தாங்கி நின்றார். அவர் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தொடங்கியவர். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைப் பெற்றவர். அவர் வழியில் பலரும் இணைய, 2017 மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஒரு இலட்சம் கட்டுரைகளை எட்டியது.

அருகில் இருப்பதை அறிதல்

புதுச்சேரி நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் ஆரோவில் அமைந்துள்ளது. அங்குள்ள சூரிய சமையற்கூடத்தின் கூரைமேல், ஆடிகள் பதித்த 15 மீட்டர் விட்டமுள்ள பெருங்கிண்ணம் ஒன்று உண்டு. கதிரவன் நகர்ந்தாலும் கிண்ணம் அசைவதில்லை. அது கோள வடிவினது. ஆதலால், எத்திசைக் கதிரையும் ஒரு கோட்டின்மீது குவிக்கிறது. அக்கோட்டைத் தொடர்ந்து நகரும் உருளை வெப்பத்தை ஏற்கிறது. அவ்வெப்பத்தால் நீராவி உண்டாகி உணவு வேகிறது.

இயற்பியல் வகுப்பில் கோள ஆடியைப் படிக்கும் மாணவர் இவ்வமைப்பைத் தமிழில் தேடுகிறார் எனக் கொள்வோம். விளக்கமான கட்டுரை கிடைத்தால் பாடமும் வாழ்வும் அவருள் ஒன்றுசேரும். கிடைக்காவிடில், பிறமொழி அறியாத ஒரே காரணத்தால் தம் ஊருக்கு அருகிலுள்ள அறிவுக்கும் அவர் அயலாராகிறார்.

பணியைப் பகுத்தல்

ஆர்வம் மட்டும் கட்டுரையாகிவிடாது. குழுவாகச் செயல்படுவோர் முதலில் பட்டியலிட வேண்டும். சூரிய ஆற்றல், காற்றாலை, சாண எரிவாயு, கடலலை ஆற்றல் முதலிய தலைப்புகளில் எவை உள்ளன, எவை இல்லை, எவை சில வரிகளோடு நிற்கும் குறுங்கட்டுரைகள், எவற்றின் புள்ளிவிவரங்கள் பழையன என ஆராய வேண்டும்.

அடுத்தது பகிர்வு. அறிவியல் மாணவர் செயல்முறையை எழுதலாம். தமிழ் மாணவர் நடையையும் கலைச்சொற்களையும் செம்மைப்படுத்தலாம். படமெடுப்பவர் தாம் எடுத்த ஒளிப்படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்க்கலாம். 1827இல் தோன்றிய ரோமன் ரோலண்ட் நூலகம் போன்ற நூலகங்களில் சான்று தேடுவதும் தொண்டேயாகும். ‘சூரிய ஆற்றல்’, ‘கதிரவ ஆற்றல்’ எனச் சொற்கள் வேறுபடுமிடத்து, உரையாடல் பக்கத்தில் கலந்து பேசி ஒன்றைத் தலைப்பாக்க வேண்டும். மற்றொன்றை வழிமாற்றாக அமைத்தால், எச்சொல்லால் தேடுவோரும் ஒரே கட்டுரையை அடைவர்.

இத்தகைய திட்டமிடலின் பயனை வேங்கைத் திட்டம் காட்டியது. இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கிடையே நடந்த அக்கட்டுரைப் போட்டியில் தலைப்புகள் முன்கூட்டியே பட்டியலிடப்பட்டன. கட்டுரைகள் நடுவர்களால் சரிபார்க்கப்பட்டன. 2018இல் இரண்டாமிடம் பெற்ற தமிழ், 2019 அக்டோபரில் தொடங்கிய அடுத்த சுற்றில் முதலிடம் பெற்றது.

சான்றும் நடுநிலையும்

எவரும் எழுதலாம் என்பதற்கு எதையும் எழுதலாம் என்பது பொருளன்று. ஒவ்வொரு செய்திக்கும் நம்பத்தகுந்த சான்று வேண்டும். பிறர் எழுத்தை அப்படியே படியெடுத்தலும், இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் இடுதலும் கூடா.

விரும்பும் பொருளைப் பற்றி எழுதும்போதே நடுநிலை சோதனைக்குள்ளாகிறது. மேகம் சூழ்ந்த நாள்களில் சூரிய சமையற்கூடத்திற்கு டீசல் கொதிகலன் துணைபுரிகிறது. இதனை மறைத்தால் கட்டுரை விளம்பரமாகிவிடும். சேர்த்து எழுதினால், மேகமூட்டத்தின்போது ஆற்றலை எவ்வாறு பெறுவது என்னும் அடுத்த ஆய்வுக்கு அது வழிதிறக்கும். பிழை நேர்ந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. பக்க வரலாற்றில் ஒவ்வொரு மாற்றமும் பதிவாவதால், ஒருவர் செய்த பிழையை மற்றவர் திருத்த இயலும்.

தூரன் காலத்தில் களஞ்சியம் படைக்கும் பணி அறிஞர்களின் கையில் இருந்தது. இன்று அப்பொறுப்பில் மாணவருக்கும் பங்குண்டு. கதிரொளி எல்லார் கூரைமீதும் விழுவதுபோல், அதைப் பயன்கொள்ளும் அறிவும் எல்லாரையும் அடைய வேண்டும். சான்றோடு சேர்க்கப்படும் ஒரு வரியும் அதற்கான தொண்டே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பயன்பாட்டிலுள்ள புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைப்பு ஒன்றை நேரில் கண்டு, சான்றுகளுடன் ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.
2. அக்கட்டுரையை நண்பரிடம் அளித்து, சான்றில்லாத தொடர்களை அடிக்கோடிடச் செய்து திருத்துக.