ஆமைக்கு 360 படங்கள்

எங்கள் பள்ளிக் கணினியில் ‘புதிய கோப்புறை 3’ என்றொரு கோப்புறை கிடக்கிறது. சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவர்களோடு நான் தொடங்கிப் பாதியில் நின்றுபோன அசைவூட்டப் படம் அதற்குள் இருக்கிறது. இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில், “களிமண் பொம்மைகளை வைத்து ஒரு படம் எடுப்போமா?” என்று கேட்டபோது, “இதையாவது முடிப்போமா சார்?” என்றாள் ஒரு மாணவி. அவளுடைய அக்கா அந்த எட்டாம் வகுப்பில் படித்தவள்.

முடித்தே ஆகவேண்டியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. பொம்மை செய்வதில் கைதேர்ந்த மாணவன் ஒருவன், பொங்கல் முடிந்ததும் பெற்றோருடன் செங்கல் சூளை வேலைக்காக வேறு ஊருக்குப் போகிறான். அங்குள்ள பள்ளியில் அவனைச் சேர்க்கப் பேசிவிட்டோம். ஆனால் அவன் செய்த ஆமை நடப்பதை அவன் எங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஏரி வற்றியதால் ஊருக்குள் வரும் ஆமைதான் கதை. மாணவர்கள் எழுதியபடி அது சாலையைக் கடந்து, பேருந்தில் ஏறி, கலெக்டரிடம் மனு கொடுக்கும். மூன்று நிமிடப் படம். கரும்பலகையில் கணக்குப் போட்டோம். திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பொம்மைப் படங்களில் ஒரே நிலையை இரண்டு முறை காட்டி, வினாடிக்கு 12 நிலைகளோடு முடித்துக்கொள்வதும் உண்டு. அப்படியே வைத்தாலும் 2,160 படங்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. ‘வாலஸ் அண்ட் குரோமிட்’ வரிசையின் முதல் படத்தை நிக் பார்க் 1982இல் மாணவராக இருந்தபோது தொடங்கி, 1989இல்தான் முடித்தார் என்று சொன்னேன். “நமக்குப் பொங்கல் வரைக்கும்தான் சார்” என்றார்கள்.

ஆகவே குறைத்தோம். 45 வினாடி, வினாடிக்கு 8 வீதம் 360 படங்கள். ஆமை சாலையைக் கடந்தால் போதும். மனுக் காட்சியை எழுதியவன் முகம் வாடிவிட்டது. ‘அடுத்த படம்’ என்று தலைப்பிட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்து, வெட்டிய காட்சிகளை அதில் எழுதிவைக்கச் சொன்னேன். வெட்டியது குப்பைக்குப் போகவில்லை என்று தெரிந்தபின் மற்றவர்களும் தாமாகவே வெட்டத் தொடங்கினார்கள். சென்ற ஆண்டு எனக்கு இது தோன்றவில்லை.

வாரம் இரண்டு நாள் படப்பிடிப்பு. ஜன்னல் வெயில் மாறினால் படத்தில் வெளிச்சம் துடிக்கும். அதனால் ஜன்னலைச் சாத்தி டியூப்லைட்டில் எடுத்தோம். செல்பேசியை மூன்று செங்கல்மேல் நிறுத்தி, செங்கல்லைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டோம். நடுவில் அழைப்பு வராமலிருக்க விமானப் பயன்முறை. பொம்மையை நகர்த்த ஒருவர், படம் எடுக்க ஒருவர், சட்டத்துக்குள் கை தெரிகிறதா என்று பார்க்க ஒருவர், எண்ணிக்கை எழுத ஒருவர்.

சுவரில் 36 கட்டங்கள் வரைந்த சார்ட் ஒட்டினோம். பத்துப் படத்துக்கு ஒரு கட்டம் வண்ணம் பெறும். முதல் பன்னிரண்டு கட்டங்கள் இரண்டே வாரத்தில் நிறைந்தன. அதன்பிறகு மழை விடுமுறை, அரையாண்டுத் தேர்வு. பாதி வழியில்தான் சலிப்பு வருகிறது. புதுமை போய்விடும், முடிவும் கண்ணுக்குத் தெரியாது. அப்போது இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. எடுத்தவரை சேர்த்து, வியாழன்தோறும் ஓட்டிக் காட்டினேன். அன்றைய வேலையை ஒரு காட்சி முடியும் இடத்தில் நிறுத்தாமல், ஆமை காலைத் தூக்கியபடி இருக்கும்போதே நிறுத்தினோம். அடுத்த முறை என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டாம், தூக்கிய காலை இறக்கினால் போதும்.

நான் ஒரு தவறும் செய்தேன். செல்பேசியில் இடமில்லை என்று, கணினிக்கு மாற்றிவிட்ட நினைப்பில் 40 படங்களை அழித்துவிட்டேன். மாற்றியிருக்கவில்லை. வகுப்பில் ஒப்புக்கொண்டேன். நான்கு கட்டங்களின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. அது திட்டியதைவிட வலித்தது. அன்றிலிருந்து, படங்கள் கணினியிலும் பென்டிரைவிலும் ஏறி, எண்ணிக்கை எழுதும் மாணவி இரண்டையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்பேசியில் அழிக்க எனக்கு அனுமதி.

கோப்புகளுக்குப் பெயரிடுவது சின்ன வேலைதான், ஆனால் விட்டால் பழிவாங்கும். 1, 2, 3 என்று பெயரிட்டிருந்தோம். 1-க்குப் பிறகு 10, 11 என்று கணினி அடுக்கியதில் ஆமை முன்னும் பின்னும் குதித்தது. 001, 002 என்று மாற்றியதும் ஒழுங்காக நடந்தது. ஓப்பன்ஷாட் மென்பொருளில் தொடர் எண்ணுள்ள படங்களை ஒரே காட்சியாக உள்ளே கொண்டுவரலாம்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் 36ஆவது கட்டம் நிறைந்தது. ஒலி சேர்க்க நேரமில்லை. மேசையைச் சுற்றி நின்று, ஊமைப்படமாகவே பார்த்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். ஆமையைச் செய்தவன் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா?”

“ஆமை இவ்வளவு வேகமாப் போகாது சார்.”

வினாடிக்கு 6 படம் என்று மாற்றி மறுபடி ஓட்டினேன். ஆமை நிதானமாக நடந்தது. படம் சரியாக ஒரு நிமிடம் ஆனது. அவன் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான்.