குழல் தேர்வு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வாக இருக்கட்டும், 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபையின் தரத் தேர்வாக இருக்கட்டும், நடுப்படிக்கு வரும் குழல் மாணவரின் நிலை ஏறக்குறைய ஒன்றுதான். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் எல்லாம் முடிந்திருக்கும். இனி வர்ணத்தை இரண்டு காலத்தில் வாசிக்க வேண்டும். சில கீர்த்தனைகள், சுருக்கமாக ராக ஆலாபனை, சில ஆவர்த்தனம் கல்பனாஸ்வரம், கூடவே எழுத்துத் தேர்வு. பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறும். இந்தக் கட்டத்தில் மாணவரையும் பெற்றோரையும் பிடித்துக்கொள்ளும் தவறான நம்பிக்கைகள் மட்டும் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றன.

"துளையை மூடித் திறந்தால் ஸ்வரம் வந்துவிடும், வீணை, வயலினை விடக் குழல் சுலபம்."

வாய்த்துளைப் பக்கத்திலிருந்து முதல் இரண்டு விரல்துளைகளை மூடினால் ஸட்ஜம். ஒன்றை மட்டும் மூடினால் சதுஸ்ருதி ரிஷபம். எல்லாவற்றையும் திறந்தால் அந்தர காந்தாரம். ஸட்ஜத்துக்குக் கீழே ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டே போனால் கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், பஞ்சமம், சுத்த மத்யமம். ஆக, முழுத்துளைகளை மட்டும் வைத்துக்கொண்டு குழல் தரும் ராகம் 28ஆவது மேளமான அரிகாம்போதி. பழந்தமிழிசையின் செம்பாலை என்று ஆய்வாளர்கள் பலர் அடையாளம் காட்டுவதும் இதைத்தான்.

ஆனால் நம் முதல் பாடம் 15ஆவது மேளமான மாயாமாளவகௌளை. அதன் சுத்த ரிஷபம், சுத்த தைவதம், காகலி நிஷாதம் மூன்றுமே பாதித் துளையில் பிறப்பவை. விரலை எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு மூங்கிலில் எந்த அடையாளமும் கிடையாது, காதுதான் சொல்ல வேண்டும். பாட்டு படிப்பவருக்கு எளிமையான முதல் ராகம், குழல் படிப்பவருக்குக் கடினமான ராகம். அரிகாம்போதியிலேயே பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். தேர்வுக்கு மோகனமும் காம்போஜியும் நன்றாகத் தயார் என்று சொல்லும் மாணவரைத் தோடி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ரிஷபம், காந்தாரம், தைவதம் மூன்றிலும் பாதித் துளை, அதன்மேல் அசைவு வேறு. நடுப்படித் தேர்வில் ஒருவரின் தரம் தெரியும் இடம் அதுதான்.

"துளை போட்ட வாத்தியத்துக்கு ஸ்ருதிப்பெட்டி எதற்கு?"

குழலின் கட்டை நிலையானது, ஸ்ருதி நிலையானதல்ல. அழுத்தி ஊதினால் ஸ்வரம் மேலே ஏறும், தணித்து ஊதினால் இறங்கும். குழலை உதட்டை நோக்கிச் சற்று உருட்டினாலும் இறங்கும். பையிலிருந்து எடுத்த குழல் குளிர்ந்திருக்கும்போது ஒரு ஸ்ருதியில் பேசும், சில நிமிஷம் ஊதிய பிறகு கொஞ்சம் கூடிவிடும். ஏ.சி. அறையில் தேர்வு என்றால் இந்த வித்தியாசம் நன்றாகவே கேட்கும். அதனால் முதலில் குழலை ஊதிச் சூடாக்கிக்கொண்டு, பிறகு குழலின் ஸட்ஜத்துக்குப் பெட்டியைச் சேர்க்க வேண்டும். பெட்டியில் "5 கட்டை" என்று காட்டுகிறது, குழலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. மூங்கில் குழல்கள் அவ்வளவு கறாராக அமைவதில்லை.

"குழலில் வார்த்தை கேட்காது, சாகித்யம் தெரியாவிட்டாலும் ஸ்வரம் தெரிந்தால் போதும்."

இருக்கும் நம்பிக்கைகளிலேயே அதிகம் கெடுதல் செய்வது இதுதான். வார்த்தை கேட்காது என்பது உண்மை. ஆனால் வார்த்தை எங்கே தொடங்குகிறது, எந்த எழுத்து நீள்கிறது என்பது நாக்கின் தட்டலில் கேட்கும். சாகித்யம் தெரியாதவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் 'து, து' என்று தட்டுவார், அல்லது எங்குமே தட்டாமல் வழுக்கிக்கொண்டு போவார். தெரிந்தவருக்கு எழுத்து விழும் இடத்தில் மட்டும் நாக்கு தொடும். மற்றதெல்லாம் ஒரே மூச்சில் இழையும்.

நம் குழல் மரபே இதைத்தான் சொல்கிறது. கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) குழலைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் அதை நிலைநிறுத்தினார். பிறகு வந்த மாலி என்கிற டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) விரல் பிடிப்பையே மாற்றினார், கனத்த மூங்கிலைக் கையிலெடுத்தார். வாய்ப்பாட்டின் கமகம் குழலில் வர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். டி. விஸ்வநாதன் (1927–2002) கச்சேரி நடுவிலேயே குழலை இறக்கிவிட்டு அதே வரியைப் பாடுவார். இவர்கள் பாட்டை வாசித்தவர்கள். குழலுக்கென்று தனியாக ஒரு சங்கீதம் அவர்களிடம் இல்லை.

பாடத் தெரிய வேண்டியதற்கு இன்னொரு காரணம் தாளம். பாடுகிறவர் கையால் தாளம் போட்டுக்கொள்ளலாம். குழல் வாசிப்பவரின் இரண்டு கையும் துளைகளின் மேல். மேடையில் மிருதங்கம் தாங்கிக்கொள்ளும். அது இல்லாத தேர்வறையில் காலை மட்டும் நம்பிக் கணக்கை உள்ளே ஓட்ட வேண்டும். அட தாள வர்ணத்தில் 14 அக்ஷரம் ஓடும்போது அந்தக் கால் எப்போது தடுமாறுகிறது என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். "குழலைக் கீழே வையுங்கள், இந்த இடத்தைத் தாளம் போட்டுப் பாடுங்கள்" என்று கேட்டால் பல மாணவர்கள் திணறுகிறார்கள். விரல் மனப்பாடம் செய்திருக்கிறது, மனசு செய்யவில்லை. நடுவில் ஒரு ஸ்வரம் பிசகினால் விரல் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கும். பாடத் தெரிந்தவர் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வார்.

"இரண்டாம் காலம் என்றால் வேகமாக வாசிப்பது."

தாளத்தின் வேகம் மாறவே கூடாது, அதற்குள் ஸ்வரம் இரட்டிக்க வேண்டும். முதல் காலத்தையே விரைவாக ஆரம்பித்துவிடும் மாணவருக்கு இரண்டாம் காலத்தில் போக இடம் இருக்காது. முதல் காலத்தை நிதானமாக எடுப்பதற்குத்தான் சாதகம் அதிகம் வேண்டும். பிள்ளைகள் அதைத்தான் தவிர்க்கிறார்கள்.

"நுரையீரல் பலம் வேண்டும், முழு மூச்சு ஊத வேண்டும்."

குழலுக்குத் தேவை மெல்லிய, கூர்மையான காற்று. பலமாக ஊதினால் காற்று வாய்த்துளையில் சரியாகப் படாமல் வெளியே போகும், இரைச்சல்தான் மிஞ்சும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தலை சுற்றுவதும் மூச்சை அளவுக்கு மீறி வாங்கி விடுவதால்தான். அதைப் பலவீனம் என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். உட்கார வைத்துச் சற்று ஓய்வு கொடுங்கள். மூச்சை எங்கே எடுப்பது என்பதுதான் நிஜமான கேள்வி. கமகத்தின் நடுவில் எடுத்தால் ஸ்வரம் அறுந்துபோகும். வார்த்தை முடியும் இடத்தில் எடுத்தால் யாருக்கும் தெரியாது. வர்ணத்தின் ஒவ்வொரு வரியிலும் மூச்சு எடுக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு தினமும் அதே இடத்தில் எடுத்துப் பழகுவது நல்லது. தேர்வு நாளில் பயத்தில் மூச்சு குறையும். அதற்காக ஒவ்வொரு நீண்ட வரியிலும் கூடுதலாக ஓர் இடம் குறித்து வையுங்கள்.

தேர்வுக்கென்று புதுக் குழல் வாங்கித் தருவது பெற்றோரின் அன்பு, ஆனால் காலம் தப்பிய அன்பு. கட்டை மாறினால் துளைகளின் இடைவெளி மாறும். ஒரே கட்டையில் இரண்டு குழல்கூட ஒரே மாதிரி இருக்காது. பழகிய குழலே போதும்.

எழுத்துத் தேர்வைக் கடைசி வாரம் மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்பவர்கள் தேதிகளையும் பெயர்களையும் எழுதிவிடுவார்கள். ராக லக்ஷணம் என்று வந்தால் தடுமாறுவார்கள். கல்யாணியின் ஜீவஸ்வரம் எது என்பதைக் குழலில் தேடிப் பார்த்தவருக்கு அந்தப் பதில் மறக்காது. எந்த ராகத்தை வாசிக்கிறீர்களோ அன்றே அதன் லக்ஷணத்தையும் எழுதிப் பாருங்கள்.

விண்ணப்பம் போடும் முன் பெற்றோரும் ஆசிரியரும் ஒன்று செய்யுங்கள். குழலை ஓரமாக வைத்துவிட்டு, பாடத்திலுள்ள ஒரு வர்ணத்தைக் கையால் தாளம் போட்டு இரண்டு காலமும் பாடச் சொல்லுங்கள். குரல் இனிமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஸ்ருதி விலகாமல், தாளம் தவறாமல் முடித்தால் தேர்வுக்கு அனுப்புங்கள். முடியவில்லை என்றால் அடுத்த வருஷம் அனுப்புங்கள்.