ஆத்தூர் ஒன்றியத்து இளம் டாக்டருக்கு



உன் கடிதம் கிடைத்தது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்துபோன பிறகு நைட் டூட்டிக்குக் கிளம்பவே கால் எழவில்லை என்று எழுதியிருக்கிறாய். வேலையை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இதற்கு ஆறுதல் சொல்வது சுலபமில்லை. நீ வேலை பார்க்கும் அதே மண்ணில் மருத்துவம் பார்த்த சௌந்தரம் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள் அவர். 1904இல் பிறந்தவர். சிறுவயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் டாக்டர். பிளேக் நோயில் இளம்வயதிலேயே இறந்துபோனார். அந்தக் காலத்து அய்யங்கார் வீட்டில் இளம் விதவைக்கு என்ன வாழ்க்கை மிஞ்சும் என்று உனக்குத் தெரியும். அவர் மூலையில் உட்காரவில்லை. கணவர் செய்த தொழிலையே படிக்கப் புறப்பட்டார். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் 1936இல் பட்டம் வாங்கியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அங்கே கிடைத்த தோழி சுசீலா நய்யார் வழியாகக் காந்தியின் அறிமுகம். 1940இல் கேரளத்து ஜி.ராமச்சந்திரனோடு மறுமணம், அதுவும் சாதி தாண்டி. 1947இல் இருவரும் சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனை, பள்ளி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் என்று அது வளர்ந்தது. இன்று பல்கலைக்கழகமாகவும் நிற்கிறது.

பணக்கார வீட்டுப் பெண், அதனால் முடிந்தது என்பார்கள். படிக்கப் பணம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தோடு மதுரையிலோ சென்னையிலோ சௌகரியமாக இருந்திருக்கலாம். தறிக்காரர்களும் கூலிக்காரர்களும் இருந்த ஊரைத் தேடி வந்தாரே, அது அவருடைய முடிவு. துக்கம் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் காத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. படிப்பும் நோயாளிகளும்தான் அவரை நடத்திக்கொண்டு போயிருக்க வேண்டும்.

நீயும் அப்படியே செய். அந்தத் தாய்க்கு எங்கே தாமதம் ஆனது என்று உட்கார்ந்து எழுது. வீட்டிலிருந்து கிளம்பியதிலா, வண்டி கிடைத்ததிலா, ரத்தத்துக்குக் காத்திருந்ததிலா? அடுத்தவளைக் காப்பாற்ற அந்தத் தாள் வேண்டும். அன்று உன்னோடு நின்ற சிஸ்டரும் தூங்கியிருக்க மாட்டார். அவரோடு மனம்விட்டுப் பேசு. ஒரு வாரம் லீவு தேவைப்பட்டால் கூச்சப்படாமல் எடு.

சந்தோஷத்தையும் தள்ளாதே, மகளே. ஒருத்தி இறந்திருக்கும்போது சிரிப்பது பாவம் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. இல்லை. நீ பிரசவம் பார்த்த பிள்ளையைத் தடுப்பூசிக்குத் தூக்கி வருவார்கள், வாங்கிக் கொஞ்சு. நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் மல்லிகை நீட்டினால் தலையில் வைத்துக்கொள். அந்தச் சந்தோஷம் இல்லாமல் இந்த வேலையில் யாரும் நெடுநாள் நின்றதை நான் பார்த்ததில்லை.

ராஜினாமாவை இப்போது எழுதாதே. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் செக்கப்புக்கு வருவார்கள். நீ அங்கே இருக்க வேண்டும். எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.