தேடலும் தெளிவும்

நூலகத்துள் நுழையும் ஒருவர் ‘நூல் ஒன்று வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் நூலகர் என் செய்வார்? எந்த நூல், எவர் எழுதியது, எதன் பொருட்டு வேண்டும் என்று திருப்பிக் கேட்பார். இணையத்தின் தேடுபொறி நெடுங்காலம் அவ்வாறு திருப்பிக் கேட்டதில்லை. ஆதலின், கேட்கும் முறையை மக்கள் தாமே பயில வேண்டியதாயிற்று.

1990 ஆம் ஆண்டில், கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில், பார்படோஸ் தீவினரான ஆலன் எம்டேஜ் என்னும் மாணவர் ‘ஆர்ச்சி’ என்ற தேடுகருவியை அமைத்தார். அது கோப்புகளின் பெயர்களை மட்டுமே அறியும்; அவற்றுள் எழுதியிருப்பதை அறியாது. பெயர் தெரியாதோர்க்கு அதனால் பயனில்லை. 1995 இன் இறுதியில் தோன்றிய ‘ஆல்டாவிஸ்டா’, பக்கங்களில் உள்ள சொற்களையெல்லாம் தொகுத்து வைத்தது. சொல் உள்ள பக்கங்கள் குவிந்தன. அவற்றுள் நல்லது எது என்பது எளிதில் விளங்கவில்லை. 1998 இல் லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் நிறுவிய கூகுள், ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்துணைச் சுட்டுகின்றன, அவ்வாறு சுட்டுவனவற்றின் மதிப்பு யாது என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தியது. அறிஞர் பலர் மேற்கோள் காட்டும் நூலைச் சிறந்ததெனக் கொள்வது போன்றதே இம்முறை.

கருவி வளர்ந்தது, கேட்போரும் வளர்ந்தனர். ‘கல்கி’ என்னும் ஒரு சொல்லை இட்டால் திருமாலின் அவதாரமும், எழுத்தாளரும், 1941 இல் தொடங்கிய இதழும், அண்மைத் திரைப்படமும் ஒருங்கே வந்து நிற்கும். இவ்விடர்ப்பாட்டை ஓரிரு முறை பட்டவர், அடுத்த முறை ‘கல்கி எழுதிய சிறுகதைகள்’ என்று இடுவர். இன்னும் தேர்ந்தவர் தொடரை இரட்டை மேற்கோட்குறிக்குள் அடைத்து, அச்சொற்கள் அவ்வரிசையிலேயே அமைந்த பக்கங்களை வருவிப்பர். வேண்டாத சொல்லின் முன் கழித்தற்குறி இட்டு அதனை விலக்குவர். இவற்றைப் பள்ளியிற் கற்றோர் சிலரே. பலர்க்கு ஏமாற்றமே ஆசிரியர்.

இப்பொழுது பலர் முழு வினாவாகவே எழுதுகின்றனர். எழுத இயலாதோர் வாயாற் கூறியும் தேடுகின்றனர். இயந்திரம் மொழியை நுணுகி நோக்கத் தொடங்கியமையே இதற்கு இடந்தந்தது. பிரேசில் நாட்டார் அமெரிக்காவுக்குச் செல்ல விசா வேண்டுமா என ஆங்கிலத்தில் வினவினால், முன்னர் அமெரிக்கர் பிரேசிலுக்குச் செல்வது பற்றிய விடை வந்து நிற்கும். 2019 இல் கூகுள் செய்த திருத்தத்தால், ‘கு’ உருபின் பொருளைத் தரும் சிறு சொல்லும் கருதப்பட்டது. ஓர் உருபு மாறினால் பொருள் தலைகீழாகும் என்பதைத் தமிழ் மாணவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

வினா கூர்மையுற்ற அளவிற்கு விடையை ஆராயும் வழக்கம் வளரவில்லை. குழந்தையின் நோய் பற்றித் தேடும் தாய்க்கு, முதலில் வந்த விடை தவறாயின் நேரும் இழப்புச் சிறிதன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளரான சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வரலாற்றறிஞர் 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் தொழிலினர் 10 பேர், மாணவர் 25 பேர் அதிற் கலந்துகொண்டனர். குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டன் தளங்கள் அவர்களுக்குக் காட்டப்பெற்றன. ஒன்று 1930 இல் தோன்றிய பெருஞ்சங்கம். மற்றொன்று 2002 இல் அதனின்று பிரிந்த சிறு குழு. மாணவருட் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கத்தையே நம்பத்தக்கது என்றனர். பக்கத்தின் தோற்றமும் சங்கத்தின் பெயரும் அவர்களை மயக்கின. வரலாற்றறிஞரிலும் பலர் இடறினர். சரிபார்ப்போரோ பக்கத்தை முற்றும் படித்துக் கொண்டிருக்கவில்லை. சங்கத்தின் பெயரை மட்டும் கொண்டு விரைவில் அதனை விட்டு வெளியேறி, அதனைப் பற்றிப் பிறர் யாது எழுதியுள்ளனர் என்று வேறு பக்கங்களில் தேடினர்.